ப்ரூஃப் மேசையில் ஒரு ஜின் பாட்டில்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், டீ-ஷர்ட், காபி கப்னு எல்லா இடத்துலயும் ஒரு வாசகம் சுத்திக்கிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. போதையில எழுதணுமாம், தெளிஞ்சப்புறம் உட்கார்ந்து திருத்தணுமாம். கீழே ஹெமிங்வேன்னு பேரு, பக்கத்துல வெள்ளைத்தாடியோட அவர் போட்டோ. அவர் அப்படிச் சொன்னதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. விடிஞ்சதும் எழுந்து, தெளிவா உட்கார்ந்து எழுதி முடிச்சுட்டு, அப்புறம்தான் பாட்டில் பக்கம் போற ஆள் அவர். அந்த வாசகம் 1964ல பீட்டர் டி வ்ரீஸ் எழுதின ஒரு நகைச்சுவை நாவல்ல வர்ற குடிகாரக் கவிஞன் பேசுற வசனம். அது கைமாறிக் கைமாறி ஹெமிங்வே தலையில வந்து விழுந்திருக்கு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அவர் செத்துப்போயாச்சு.

அந்த வாசகத்தைத் தலைகீழா வாழ்ந்து பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். ஹெமிங்வேயோட நண்பர்தான். போதையில திருத்தினார். திருத்தினது எப்படி வந்ததுன்னு தானே கடிதமும் எழுதி வச்சுட்டுப் போனார். பேரு எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். பேரைக் கேட்டு யாருன்னு தெரியலைன்னா, 2013ல வந்த தி கிரேட் கேட்ஸ்பி படத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. டிகாப்ரியோ ஷாம்பெயின் கோப்பையைத் தூக்கிக் காட்டுற அந்த மீம் இருக்கே, அதே படம்தான். நம்ம அமிதாப் பச்சன்கூட அதுல ஒரு சின்ன வேஷத்துல வருவார். அந்தக் கதையை 1925ல எழுதினவர் இவர்.

1896 செப்டம்பர் 24ல அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துல செயின்ட் பால் நகரத்துல பிறந்தார். 1913ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். சேர்ந்ததுமே காலேஜ் நாடகக் குழு, காலேஜ் பத்திரிகை ரெண்டுலயும் போய் விழுந்தார். வகுப்புப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. பாடத்துக்குப் பாடம் ஃபெயில். நடுவுல ஒரு வருஷம் படிப்பு நின்னு, திரும்ப வந்து சேர்ந்து, கடைசி வரைக்கும் டிகிரி வாங்கவே இல்லை. காலேஜ் மேகஸினுக்கு எழுதுறவங்க எல்லாரும் இதைப் படிச்சு சந்தோஷப்பட வேண்டாம். 1917ல அமெரிக்கா முதல் உலகப்போர்ல இறங்குச்சு, இவர் ராணுவத்துல அதிகாரியாச் சேர்ந்துட்டார்.

போர்முனைக்கு அவர் போகவே இல்லை. பயிற்சி முகாம்ல உட்கார்ந்து, சனி ஞாயிறுல அதிகாரிகள் கிளப்பில் ஒரு நாவல் எழுதினார். நியூயார்க்ல இருந்த ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்துக்கு அனுப்பினார். 1918ல ஒரு தடவை திருப்பி அனுப்பினாங்க, திருத்தி அனுப்பினார், மறுபடியும் திருப்பி அனுப்பினாங்க. அதே வருஷம் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி ஊர்ல ஸெல்டா சேயர் என்கிற நீதிபதி மகளைப் பார்த்துக் காதலில் விழுந்தார். போர் முடிஞ்சதும் நியூயார்க்ல விளம்பரக் கம்பெனியில வேலை. ராத்திரியில சிறுகதை எழுதுறது, காலையில தபால்ல அனுப்புறது. மறுப்புக் கடிதங்களை அறைச் சுவர்ல வரிசையா ஒட்டி வச்சிருந்தாராம். அவரே சொன்ன கணக்கு 122. சம்பாத்தியம் பத்தாது, எதிர்காலம் தெரியலைன்னு 1919 ஜூன்ல ஸெல்டா நிச்சயத்தை முறிச்சாங்க.

உடனே என்ன பண்ணினார்? மூணு வாரம் விடாமக் குடிச்சார். ஜூலை 1ஆம் தேதி போர்க்கால மதுவிலக்கு அமலுக்கு வந்ததும் அந்த மூணு வாரம் முடிஞ்சது. வேலையை விட்டுட்டு, செயின்ட் பால்ல அப்பா அம்மா வீட்டு மூணாவது மாடிக்கு ஏறிட்டார். கையில காசு கிடையாது. சிகரெட்டுக்குக்கூட நண்பர்களைத்தான் கேட்கணும். ரெண்டு தடவை திரும்பி வந்த அதே நாவலைப் பிரிச்சு வச்சார். நான், நான்னு சொல்லிக்கிட்டிருந்த கதையை அவன் என்று மாத்தினார். எந்த அத்தியாயத்துல எது வரணும்னு சீட்டு எழுதி ஜன்னல் திரையில குத்தி வச்சுக்கிட்டு, ரெண்டே மாசத்துல மொத்தத்தையும் திருப்பி எழுதினார். செப்டம்பர்ல ஸ்க்ரிப்னர்ஸ் ஏத்துக்கிட்டாங்க. கடிதம் வந்த அன்னைக்குத் தெருவுல ஓடி, போற கார்களை எல்லாம் நிறுத்தி, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டகூடச் சொன்னாராம். 1920 மார்ச் 26ல புத்தகம் வந்தது. பேரு திஸ் சைட் ஆஃப் பாரடைஸ். ஏப்ரல் 3ல ஸெல்டாவோட கல்யாணம். அவருக்கு வயசு 23.

இதுல கவனிக்க வேண்டியது அந்த ரெண்டு மாசத்தைத்தான். இந்த மனுஷனோட திறமை முதல் பிரதியில இல்லை. முதல் பிரதி எப்பவும் சுமார்தான். எழுத்துப்பிழையில அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் நாவல் வந்தப்போ நியூயார்க் பத்திரிகை ஒண்ணுல ஒரு பத்தி எழுத்தாளர் அதுல இருந்த பிழைகளைப் பட்டியல் போட்டுச் சிரிச்சார். நண்பர் ஹெமிங்வே பேரையே பல வருஷம் தப்பாத்தான் எழுதிக்கிட்டிருந்தார், ஒரு எழுத்து கூடப் போட்டு. அவர் திறமை எல்லாம் ரெண்டாவது, மூணாவது, நாலாவது தடவை உட்காரும்போதுதான் வெளியே வரும். எதை எடுத்து எங்கே வைக்கணும், எதை வெட்டித் தூக்கிப் போடணும் என்கிற கண்ணு அது.

கேட்ஸ்பி நாவலே அதுக்கு நல்ல சாட்சி. 1924 வேனில்ல பிரான்ஸ் கடற்கரையில எழுதி, அக்டோபர் கடைசியில நியூயார்க்குக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். எடிட்டர்னா இப்படி இருக்கணும்னு இன்னைக்கும் உதாரணம் காட்டுற ஆள். அவர் பாராட்டி எழுதிட்டு, ரெண்டு குறையை மெதுவாச் சொன்னார். கேட்ஸ்பி என்கிற ஆள் கண்ணுக்குள்ள நிற்க மாட்டேங்கிறான், மங்கலா இருக்கான். அப்புறம், அவனுக்கு எங்கிருந்து பணம் வந்ததுன்னு வாசகனுக்கு ஒரு பொடி கூடக் கிடைக்கலை. பழைய கதை முழுக்க ஒரே இடத்துல மொத்தமா வந்து கொட்டுது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் அப்போ ரோம்ல இருந்தார். கேட்ஸ்பியைத் தானே சரியாப் பார்க்கலைன்னு ஒத்துக்கிட்டார். ஸெல்டாவை உட்கார வச்சு, விரல் வலிக்கிற வரைக்கும் கேட்ஸ்பி முகத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொன்னார். அச்சகத்துலேர்ந்து நீளநீளமா ப்ரூஃப் தாள் வந்தது. சாதாரணமா அதுல கமா, முற்றுப்புள்ளிதான் திருத்துவாங்க. இவர் அதை வச்சு நாவலையே மாத்திக் கட்டினார். கடைசிக்குப் பக்கத்துல இருந்த கேட்ஸ்பியோட இளமைக் கதையைப் பிரிச்சு, ஆறாவது அத்தியாயத்துக்கு முன்னாடி கொண்டுவந்தார். ஹோட்டல் அறையில நடக்கிற பெரிய சண்டைக் காட்சியைத் திருப்பி எழுதினார். ப்ரூஃபுக்கு முந்தின வடிவத்தை ட்ரிமால்கியோங்கிற பேர்ல 2000ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் புத்தகமாவே போட்டிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கலாம். கோடிங் பண்றவங்க பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் ஒப்பிட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. கதை அதேதான், ஆளுங்களும் அதேதான். ஆனா ஒண்ணு நல்ல நாவல், இன்னொண்ணு கேட்ஸ்பி.

ரோம்ல அவர் குடிக்கலையான்னு கேட்டா, நல்லாவே குடிச்சார். ஒரு ராத்திரி டாக்சி வாடகையில ஆரம்பிச்ச தகராறுல சாதா உடையில இருந்த போலீஸ்காரரை அடிச்சு, நல்லா உதை வாங்கி, லாக்கப்புக்கே போயிட்டு வந்தார். கொஞ்சம் குடிச்சாலே தலைக்கேறிடும் உடம்பு அவருக்கு. ஆனா அந்தக் காலத்துல ராத்திரி வேற, மேசை வேற. எழுதுற நேரத்துல பெரும்பாலும் தொட மாட்டார். குடி அவர் சாயங்காலத்தைத் தின்னுச்சு, காலையை இன்னும் தொடலை.

கேட்ஸ்பி 1925 ஏப்ரல் 10ல வந்தது. விமர்சகர்கள்ல சிலர் கொண்டாடினாங்க, விற்பனை மந்தம். குடும்பம் ஓடினது சிறுகதையில. சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகை 1929 வாக்குல ஒரு கதைக்கு 4,000 டாலர் கொடுத்தது. அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா கை வீச்சா செலவு பண்ற தம்பதிக்கு அதுவும் பத்தலை. ஒரு கதை வித்த காசு தீர்றதுக்குள்ள அடுத்த கதை எழுதணும். அடுத்த நாவல் தள்ளித் தள்ளிப் போச்சு. தாயைக் கொல்ற ஒரு இளைஞன் கதைன்னு ஆரம்பிச்சு, அதைக் கலைச்சு, வேற ஆரம்பிச்சு, அதையும் கலைச்சு, இப்படியே வருஷம் ஓடுச்சு.

1930 ஏப்ரல்ல ஸெல்டாவுக்கு மனநிலை முறிஞ்சது. சுவிட்சர்லாந்துல ஒரு வருஷத்துக்கு மேல மருத்துவமனை. அமெரிக்கா திரும்பினதும் 1932ல மறுபடியும், இந்தத் தடவை பால்டிமோர்ல. அந்த ஊருக்கு வெளியே லா பே என்கிற பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தார். மகளுக்குப் பத்து பதினொரு வயசு. மருத்துவமனைக் கட்டணம், பள்ளிக் கட்டணம், கடன். அங்கேதான் நாவலுக்குக் கடைசி வடிவம் கிடைச்சது: டிக் டைவர் என்கிற மனநல மருத்துவர், தன் நோயாளியையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, குடியிலயும் சோர்விலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு போறார். பேரு டெண்டர் இஸ் தி நைட். யார் வாழ்க்கையிலேர்ந்து எடுத்ததுன்னு கேட்கவே வேண்டாம்.

1933 ஜூன்ல ஸெல்டா மாடிக் கணப்புல எதையோ கொளுத்தப்போய் வீடு தீப்பிடிச்சது. கையெழுத்துப் பிரதிகள், படங்கள் கொஞ்சம் எரிஞ்சே போச்சு. வீட்டுக்காரர் பழுது பார்க்க ஆள் அனுப்புறேன்னு சொன்னப்போ, வேண்டாம், சுத்தியல் சத்தத்துல நாவல் எழுத முடியாதுன்னு தள்ளிப்போடச் சொல்லிட்டார். புகை படிஞ்ச சுவருக்குள்ள உட்கார்ந்து மீதியை எழுதினார்.

இங்கேதான் அந்தப் பழைய எல்லைக்கோடு அழிஞ்சது. ஜின் பாட்டில் மேசைக்கே வந்துடுச்சு. முன்னெல்லாம் எழுதி முடிச்சுட்டுக் குடிச்சவர், இப்போ எழுத உட்காரவே குடிக்க ஆரம்பிச்சார். 1934 ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ஸ்க்ரிப்னர்ஸ் பத்திரிகையில நாவல் தொடரா வந்தது. அடுத்த மாசத் தவணையைத் திருத்தணும். அதே நேரம் புத்தகத்துக்கான ப்ரூஃபையும் திருத்தணும். பிப்ரவரியில ஸெல்டாவுக்கு மூணாவது தடவை முறிவு. ப்ரூஃப் தாள் வருது, மருத்துவர் கடிதம் வருது, கடன்காரன் கடிதம் வருது. ரோம்ல பண்ணின மாதிரியே இங்கேயும் ப்ரூஃபை விடாம மாத்திக்கிட்டே இருந்தார். கை அதே கைதான்.

தலை அதே தலையா இல்லை. கேட்ஸ்பி சின்னப் புத்தகம்; ஒரு ஆள் தெளிவா இருந்தா முழுசையும் மனசுல விரிச்சு வச்சுப் பார்க்கலாம். டெண்டர் நானூறு பக்கம். எட்டு ஒன்பது வருஷமா வேற வேற கதைக்கு எழுதின துண்டுகளை எடுத்து இணைச்சது. அப்படிப்பட்டதைத் திருத்தும்போது, முன்னூறாவது பக்கத்துல ஒரு வரியை மாத்தினா நாற்பதாவது பக்கத்துல எது ஆடும்னு கை வைக்கிற அந்த நொடியிலேயே தெரியணும். ஒரு காட்சி தனியாப் பார்த்தா அழகா இருக்கும், ஆனா மொத்தத்துல அது இடைஞ்சல்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சதும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு வெட்டணும். ஜின் இது மூணையும்தான் முதல்ல எடுத்துக்கிட்டுப் போகும். வாக்கியத்தைத் தொடாது. டெண்டர்ல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வாக்கியம் அருமையாத்தான் இருக்கு. உடைஞ்சது கணக்கு. கதாபாத்திரங்களோட வயசும் வருஷமும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. பிரெஞ்சு, இத்தாலிப் பேர்கள் கண்டபடி அச்சாகியிருக்கு. கடைசிப் பகுதி அவசரமா ஓடி முடியுது.

1934 ஏப்ரல் 12ல புத்தகம் வந்தது. கேட்ஸ்பிக்கு அப்புறம் ஒன்பது வருஷம். விமர்சனம் பாதிக்குப் பாதி. விற்பனை அவர் கடனுக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணலை.

சரியா பதினொரு மாசம் கழிச்சு, 1935 மார்ச்ல, பெர்கின்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்தக் கடிதம்தான். சிறுகதையைப் பாட்டில் துணையோட எழுதிடலாம், நாவலுக்கு அது நடக்காதுன்னு அதுல சொல்றார். நாவலோட முழு வடிவத்தையும் தலையில வச்சுக்கிட்டு, வேண்டாத பக்கக் காட்சிகளை ஈவிரக்கம் இல்லாம வெட்ட ஒரு மூளை வேகம் வேணும். ஹெமிங்வே தன் எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ் நாவல்ல அதைப் பண்ணினார். திருத்துற நேரத்துல வேண்டிய நுட்பமான தீர்ப்பு மதுவோட சேராது. டெண்டரோட மூணாவது பகுதி முழுக்கப் போதையிலதான் எழுதினது, அப்படி எழுத நேராம இருந்திருந்தா எதை வேணும்னாலும் கொடுப்பேன்கிறார். சுத்தமாத் தெளிஞ்ச தலையோட இன்னும் ஒரு தடவை அதைத் தொடக் கிடைச்சிருந்தா பெரிய வித்தியாசம் வந்திருக்கும்னு நம்புறார்.

குடிகாரங்க சத்தியம் பண்ணுவாங்க, அழுவாங்க, அடுத்தவங்க மேல பழி போடுவாங்க. இது அந்த வகை இல்லை. ஒரு மெக்கானிக் வண்டியைப் பிரிச்சு, இந்தப் பாகம்தான் போயிருக்குன்னு கையில எடுத்துக் காட்டுற மாதிரி இருக்கு. டிக் டைவர் குடியில கரையிறது அந்த மூணாவது பகுதியிலதான் வருது. அந்த அனுபவம் எழுத்துக்கு உதவலையான்னு நமக்குத் தோணும். அனுபவம் வேணும்னா உதவியிருக்கலாம். அதை ஒழுங்குபடுத்துற நேரத்துல கூட இருந்த பாட்டில் உதவலைன்னு அவரே சொல்றார்.

தெரிஞ்சதுக்கப்புறம் விட்டாரான்னா, இல்லை. அந்த வருஷக் கோடையில வட கரோலினா மலைப்பக்கம் போய் ஜின்னை விட்டுட்டுப் பீருக்கு மாறினார். நாள் முழுக்க பாட்டில் பாட்டிலா பீர். அதைக் குடின்னே கணக்குல சேர்க்கலை. 1936ல எஸ்கொயர் பத்திரிகையில தன் நொறுங்கல் பத்தி மூணு கட்டுரை எழுதினார். அதுல குடியைத் தொட்டும் தொடாமலும் கடந்து போயிட்டார். பெர்கின்ஸ்கிட்ட ஒத்துக்கிட்டதை ஊருக்கு முன்னாடி ஒத்துக்க முடியலை போல. எனக்கு அந்தக் கட்டுரைகளைவிட அந்தக் கடிதம்தான் பெருசாத் தெரியுது.

1937ல ஹாலிவுட். எம்ஜிஎம் ஸ்டூடியோவுல வாரம் 1,000 டாலர் சம்பளம். கடனை அடைக்க ஆரம்பிச்சார். அங்கே அவர் திரைக்கதையை வேற ஆளுங்க உட்கார்ந்து திருத்தினாங்க. த்ரீ காம்ரேட்ஸ் படத்துக்கு எழுதினதைத் தயாரிப்பாளர் மாத்தினப்போ கெஞ்சி, கொதிச்சு ஒரு கடிதம் எழுதினார், பலிக்கலை. திரையில அவர் பேர் வந்த ஒரே படம் அதுதான். 1939 பிப்ரவரியில ஒரு படத்துக்காக டார்ட்மத் கல்லூரிக்குப் பனி விழா பார்க்க அனுப்பினாங்க. கூட வந்தவர் பட் ஷுல்பெர்க் என்கிற இளம் எழுத்தாளர். கிளம்பும்போது ஷாம்பெயின் கையில கொடுத்து விட்டாங்க. அங்கே போய் இவர் பண்ணின அலங்கோலத்துல ரெண்டு பேருக்கும் வேலை போச்சு.

அந்த வருஷம்தான் தி லாஸ்ட் டைகூன் நாவலை ஆரம்பிச்சார். சினிமா முதலாளி ஒருத்தர் கதை. பிரான்சஸ் க்ரோல்னு ஒரு சின்னப் பொண்ணு செயலாளரா வேலைக்கு வந்தாங்க. அவங்க வேலையில ஒண்ணு, காலி ஜின் பாட்டில்களைச் சாக்குல கட்டி, காரில் எடுத்துப் போய், மலைப் பள்ளத்துல யாருக்கும் தெரியாமப் போட்டுட்டு வர்றது. பல வருஷம் கழிச்சுத் தன் நினைவுப் புத்தகத்துல அவங்களே இதை எழுதியிருக்காங்க. 1939 கடைசியில ஒரு பத்திரிகை இந்த நாவலோட ஆரம்பத்தைப் படிச்சுட்டு முன்பணம் தர மறுத்தது. அதுக்கும் ஒரு பெரிய குடி. அதுக்கப்புறம்தான் நிறுத்தினார். கடைசி வருஷம் பெரும்பாலும் கோக்கோ கோலாதான்.

தெளிஞ்ச ஃபிட்ஸ்ஜெரால்ட் பழைய ஃபிட்ஸ்ஜெரால்டாத் திரும்பி வந்தார். நாவலை முப்பது துண்டாப் பிரிச்சு அட்டவணை போட்டார், இருபது வருஷம் முன்னாடி ஜன்னல் திரையில குத்தி வச்ச மாதிரி. எஸ்கொயருக்குப் பேட் ஹாபி என்கிற ஓய்ஞ்சு போன திரைக்கதைக்காரனைப் பத்திக் குட்டிக் கதைகள் எழுதினார். கதைக்கு 250 டாலர், மொத்தம் 17 கதை. அந்த அற்பக் காசுக் கதைகளுக்குக்கூட, அனுப்பினதுக்கு அப்புறம் தந்தி அடிச்சுத் திருத்தம் சொல்லிக்கிட்டிருந்தார். தந்திக்கு ஆன செலவை நினைச்சா சிரிப்பு வருது.

டைகூன் முதல் அத்தியாயத்தோட கடைசிப் பிரதி மேல தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கார். திருப்பித் திருப்பி எழுதி இது விறைச்சுப் போச்சு; பழைய பிரதியைப் பார்க்காம, அந்த மனநிலையிலேர்ந்து புதுசா எழுதணும். ஒரு துளி போதை இல்லாமத் திருத்தினதையும் அவரே குறை சொல்றார் பாருங்க. டெண்டரைக் கெடுத்தது ஜின்னு சொன்னவர், இதைக் கெடுத்தது என் அதிகத் திருத்தம்னு கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்ணு திரும்பி வந்திருக்கு.

திரும்பி வந்தது தாமதமா. 1940 நவம்பர்ல ஒரு மருந்துக் கடையில நெஞ்சுவலி வந்தது. டாக்டர் படுக்கச் சொன்னார். மடியில பலகையை வச்சுக்கிட்டுப் படுக்கையிலயே எழுதினார். டிசம்பர் 21ல, தோழி ஷீலா கிரகாம் வீட்டு நாற்காலியில சாக்லேட் சாப்பிட்டுக்கிட்டு, பிரின்ஸ்டன் பழைய மாணவர் பத்திரிகையில கால்பந்து அணியைப் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தவர், திடீர்னு எழுந்து நின்னு, கணப்பு மேடையைப் பிடிச்சபடி விழுந்தார். வயசு 44. முப்பதில் 17 துண்டு முடிஞ்சிருந்தது. அந்த ஆகஸ்ட்ல வந்த ராயல்டி 13 டாலர் 13 சென்ட்.

மீதிக் கதை சீக்கிரம் சொல்லிடலாம். காலேஜ் நண்பர் எட்மண்ட் வில்சன் 1941ல டைகூனை முடியாத நாவலாவே, அந்தக் குறிப்புகளோட பதிப்பிச்சார். 1945ல போர்முனை வீரர்களுக்குன்னு இலவசமா அச்சடிச்ச சின்னப் பதிப்புல கேட்ஸ்பி 1,55,000 பிரதி போச்சு. அங்கேர்ந்துதான் அதோட ரெண்டாவது வாழ்க்கை. ஸெல்டா 1948ல மருத்துவமனைத் தீ விபத்துல இறந்துபோனாங்க.

டெண்டரை அவர் கடைசி வரைக்கும் விடலை. 1936லயே திருத்தின மறுபதிப்பு கேட்டுப் பதிப்பாளர் ஒருத்தருக்கு எழுதிப் பார்த்தார், கைகூடலை. 1938ல பெர்கின்ஸுக்கு எழுதும்போது, இந்தக் கதையோட உண்மையான ஆரம்பம், சுவிட்சர்லாந்துல அந்த இளம் டாக்டர் வர்ற இடம், நடுவுல மாட்டிக்கிட்டு இருக்குன்னார். தன் சொந்தப் பிரதியைக் கட்டு பிரிச்சு, பக்கங்களைக் கால வரிசைப்படி மாத்தி அடுக்கி, நான் விரும்புற இறுதி வடிவம் இதுதான்னு உள்ளே எழுதி வச்சார். அதைப் பின்பற்றி 1951ல மால்கம் கௌலி ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தார். வாசகர்கள் படிச்சுப் பார்த்துட்டு மெதுவாப் பழைய வடிவத்துக்கே திரும்பிட்டாங்க. இன்னைக்குக் கடையில டெண்டர் கேட்டா, பெரும்பாலும் 1934ல, அந்த ஜின் பாட்டிலுக்குப் பக்கத்துல திருத்தி முடிச்ச புத்தகம்தான் கிடைக்கும். அப்போ அவர் சொன்ன குறை தப்பா? மூணாவது பகுதியைப் படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க. எனக்கு என்னவோ அவருக்கு எங்கே வலிச்சதுன்னு சரியாத் தெரிஞ்சிருக்கு, மருந்துதான் மாறிப்போச்சுன்னு தோணுது. பக்கங்களை இடம் மாத்துறது ஒரு வேலை. வரி வரியா முழுசும் தெளிஞ்ச தலையோட போறது வேற வேலை. ரெண்டாவதுக்கு அவருக்கு நேரம் கிடைக்கலை.

அந்தப் பிரிச்ச பிரதியில பென்சில் திருத்தம் ஆரம்பப் பக்கங்கள்ல மட்டும்தான் இருக்கு. ஒரு இடத்துல, இதுவரைக்கும் இறுதித் திருத்தம் பண்ணியாச்சுன்னு அடையாளம் போட்டு வச்சிருக்கார்.